குதிரை சொன்ன மூன்றாவது விஷயம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, நான் இன்னும் பல் விளக்காத நேரத்தில், மெல்போர்னிலிருந்து மகள் வாட்ஸ்ஆப்பில் ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். நாலு பக்கம். மேலே என் குதிரையின் படம், அதைச் சுற்றி இளஞ்சிவப்பில் ஒரு ஒளிவட்டம். கீழே, குதிரை சொன்னதாக மூன்று விஷயங்கள். முதலாவது, நீல வாளியில் தண்ணீர் வைப்பது அதற்குப் பிடிக்கவில்லையாம். இரண்டாவது, அதன் பெயர் அதற்கு ஒட்டவில்லையாம். மூன்றாவது என்னைப் பற்றியது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதற்கு மகள் கட்டிய தொகை மூவாயிரம் ரூபாய். குதிரை நிற்பது பொள்ளாச்சிப் பக்கம் என் தென்னந்தோப்பில். படத்தைப் பார்த்தே அதனிடம் பேசிய அம்மையார் இருப்பது பெங்களூரில், பன்னிரண்டாவது மாடியில். நடுவே இருக்கிற டோல்கேட் ஒன்றிலும் நிற்காமல் நாற்பது நிமிஷம் மனசோடு மனசு பேசியிருக்கிறார்கள்.

இது என்ன ஏது என்று நான் விளக்கப்போவதில்லை. நீங்களும் உங்கள் நாயின் படத்தை அனுப்பியிருப்பீர்கள், மறைக்க வேண்டாம். இரண்டு கண்ணும் தெரிய வேண்டும், படத்தில் வேறு ஆள் நிற்கக்கூடாது, பெயர், வயது, ஆணா பெண்ணா, வீட்டில் வேறு யார் யார். பாஸ்போர்ட் ஆபீஸில்கூட இத்தனை கறார் கிடையாது. பதில் வந்ததும் இரண்டு நாள் நாயின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்திருக்கும். அதுவும் தெரியும்.

குதிரை வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனேன். திப்பு சுல்தான் காலத்துச் சந்தை என்பார்கள். நான் போனது மாடு பார்க்க. கூட வந்த மகளுக்கு அப்போது பதினாலு வயசு. ஒரு வெள்ளைக் குதிரைக்கு முன்னால் போய் நின்றவள் அங்கிருந்து நகரவில்லை. காது நுனி இரண்டும் முட்டிக்கொள்வது மாதிரி வளைந்திருந்ததால் பாதி மார்வாரி; மீதிப் பாதி விற்றவர் வாக்கு. அவர் என்னைத் தனியாக ஓரங்கட்டி, குதிரையின் தொண்டையடியில் என் விரலை வைத்து ஒரு சுழியைத் தடவிக் காட்டினார். தேவமணியாம். அது இருக்கிற குதிரை நிற்கிற வீட்டில் லட்சுமி நிற்பாளாம். கண்ணுக்குக் கீழே சுழி இருந்தால் வீடு அழுகிற வீடாகிவிடும், அது இதற்கு இல்லை, நீங்களே பாருங்கள் என்றார். பார்த்தேன். தேவமணிக்காக எட்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் பகுத்தறிவு பேசுகிற இடங்களையெல்லாம் அந்த எட்டாயிரத்தைக் கழித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

லட்சுமி வந்தாளா என்று கேட்காதீர்கள். கொள்ளு விற்கிறவர் வீட்டுக்குப் போனாள்.

இப்போது அந்த நாலு பக்கத்துக்கு வருகிறேன். முழுக்க இங்கிலீஷ். அதுதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. என்னைச் சுற்றியிருக்கிறவர்களின் அன்பு அலைகளை உணர்கிறேன், என் எல்லைகள் மதிக்கப்பட வேண்டும், இப்படிப் போகிறது. என் குதிரைக்குத் தெரிந்த எல்லை ஒன்றே ஒன்று. பக்கத்துத் தோப்பு வேலி. அதை அது மதித்ததே கிடையாது.

தவிர, இந்த இங்கிலீஷ் அதற்கு எங்கிருந்து வந்தது? பிறந்தது ராஜஸ்தான் பக்கம் என்று விற்றவர் சொன்னார். ஆகத் தாய்மொழி மார்வாடி. குட்டியிலேயே லாரி ஏறி மகாராஷ்டிரம் வழியாக வந்ததில் கொஞ்சம் மராத்தி ஒட்டியிருக்கும். பிறகு ஒரு கர்நாடக வியாபாரி கையில் ஒன்றரை வருஷம். கன்னடம் பேச வரும், எழுத வராது. அந்தியூர் வந்து சேர்ந்ததும் கொங்குத் தமிழ். என் மகள் கோயம்புத்தூரில் குதிரையேற்றம் கற்றுக்கொண்டு வந்து ‘வாக்’, ‘ட்ராட்’, ‘ஹோ’ என்று மூன்று சொல் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். அதில் ‘ஹோ’ மட்டும் இன்றுவரை அதற்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் என் இடது தோள்பட்டை இப்படி இருக்காது.

அது நிஜமாகவே வாய் திறந்தால், “ஏனுங், இன்னைக்குக் கொள்ளு அரைவேக்காடுங், நேத்தும் அப்படித்தானுங்” என்றுதான் ஆரம்பிக்கும். அதுகூட என் ஆசை. பதின்மூன்று வருஷமாக அதோடு பேசுகிறவர் எங்கள் குதிரைக்காரர். அவர் மனுஷர்களிடம் பேசும்போது வாக்கியத்துக்கு வாக்கியம் ‘ங்’ போடுவார். குதிரையிடம் பேசும்போது அதன் தாயார், பாட்டனார், விற்ற வியாபாரி எல்லோரையும் இழுப்பார். எனவே என் குதிரையின் சொல்வளத்தில் முக்கால்வாசி வசவு. அதை அந்த அம்மையார் எப்படி மொழிபெயர்த்தார் என்று நான் ஞாயிறு முழுக்க யோசித்தேன். ‘என் எல்லைகள் மதிக்கப்பட வேண்டும்’ என்பது மூலத்தில் என்னவாக இருந்திருக்கும்? சில ஊகங்கள் செய்து பார்த்தேன். ஒன்றும் இங்கே அச்சேறாது.

மரியாதைப் பன்மை என்று ஒன்று இருக்கிறது. குதிரை என்னை ‘நீ’ என்றதா, ‘நீங்க’ என்றதா? இங்கிலீஷில் அது அடிபட்டுப் போகிறது. எனக்கு இது முக்கியம். அதற்குப் பதினேழு வயசு, எனக்கு அறுபத்து மூணு. குதிரைக் கணக்கில் பார்த்தால் அது என்னைவிடக் கொஞ்சம்தான் சின்னது என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார். அப்படியானால் ‘ஏப்பா’ என்றிருக்குமோ? என் சம்பந்தி திருநெல்வேலிக்காரர். கல்யாணத்தன்று மேடையில் அவர் என்னிடம் சொன்னதில் பாதி எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. சிரித்துவைத்தேன். இரண்டு பேரும் எம்.ஏ. படித்தவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே தாய்மொழி, இடையில் மைக்கூட இருந்தது. அங்கேயே இந்த லட்சணம் என்றால், பன்னிரண்டாவது மாடியிலிருந்து மார்வாடியும் கன்னடமும் கலந்த ஒரு பிராணியின் மனசை ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் வாங்கி எழுதுவது லேசுப்பட்ட வேலையா? மகளின் தோழி சென்னையில் பூனை வளர்க்கிறாள். அந்தப் பூனைக்கு வந்த பிடிஎஃபையும் மகள் எனக்கு ஒருமுறை அனுப்பியிருக்கிறாள். அதே அன்பு அலைகள், அதே எல்லைகள். பூனைக்கும் குதிரைக்கும் ஒரே நடை. இருவரும் ஒரே கான்வென்ட்டில் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்று. கிளி ஜோசியத்தில் கிளி மனுஷனுக்குச் சீட்டு எடுக்கும். கூலி ஒரு நெல்மணி. இப்போது மனுஷி குதிரைக்குச் சீட்டு எடுக்கிறார், கூலி மூவாயிரம். இடையில் விலைவாசி ஏறியதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இவ்வளவா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாளி.

குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பும் பச்சையும்தான் குழப்பும். ஆகவே ‘நீலம் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்ல அதற்கு முழுத் தகுதி உண்டு. என் சந்தேகம் அடுத்த வரியில். ‘பச்சை வாளி வாங்கித் தரவும், சிவப்பு வேண்டாம்.’ அது தெரிந்து சொல்லியிருக்க முடியாது. அதோடு, அனுப்பின படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். குதிரைக்காரர் எடுத்த படம். ஆள் இல்லை, வேறு மிருகம் இல்லை, கண் இரண்டும் தெரிகிறது, விதிப்படி எல்லாம் சரி. இடது ஓரத்தில், முன்னங்காலுக்குப் பின்னால், அரை வாளி. நீலம்.

மகளிடம் சொன்னேன். “அதான்ப்பா, அது வாளி பக்கத்துல நின்னு ஃபீல் பண்ணிட்டிருந்திருக்கு” என்றாள்.

குதிரை பதில் சொல்வது புதிதில்லை. பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவருடைய குதிரை ஹான்ஸ் கூட்டல், கழித்தல், பின்னம், தேதி எல்லாவற்றுக்கும் குளம்பால் தட்டிப் பதில் சொல்லும். ஊரே திரண்டது. 1904இல் ஒரு குழு உட்கார்ந்து பார்த்துவிட்டு, இதில் தில்லுமுல்லு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்கிற ஆராய்ச்சியாளர் வந்தார். கேள்வி கேட்கிறவருக்கே விடை தெரியாதபடி செய்துவிட்டுக் கேட்கச் சொன்னார். குதிரைக்கும் தெரியவில்லை. கேட்கிறவர் தன்னையறியாமல் முன்னால் குனிந்திருக்கிறார். சரியான எண் வந்ததும் மயிரிழை அளவு தலையை நிமிர்த்துகிறார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. அவ்வளவுதான் கணக்கு. வாத்தியார் கடைசிவரை இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒன்று, வேடிக்கை பார்க்க வந்த யாரிடமும் அவர் காசு வாங்கியதில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஜெர்மனிக்கு ஒரு ஆராய்ச்சியாளர் தேவைப்பட்டார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. நம் ஊர்த் தெருவில் பூம்பூம் மாட்டுக்காரர் உறுமியை இழுத்துக்கொண்டு வருவார். “இந்த வீட்டு அம்மா மகராசியா இருப்பாங்களா?” மாடு தலையாட்டும். “அரிசி போடுவாங்களா?” ஆட்டும். ஐந்து வயசில் எனக்கு அது மாட்டின் கருத்து இல்லை, மாட்டுக்காரரின் கருத்து என்று தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் அரிசி போட்டாள். பழைய புடவையும் கொடுத்தாள். மாடு சொன்னதற்காக அல்ல, இத்தனை பேருக்கு நடுவில் ஒரு மாடாவது தன்னை மகராசி என்றதே என்பதற்காக.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் லேடி வொண்டர் என்று ஒரு பெண் குதிரை இருந்தது. எழுத்துப் பலகைகளை மூக்கால் தள்ளிப் பதில் சொல்லும். மூன்று கேள்விக்கு ஒரு டாலர். 1956இல் மில்பர்ன் கிறிஸ்டோஃபர் என்கிற மந்திர வித்தைக்காரர் போனார். குதிரையின் சொந்தக்கார அம்மாவிடம் தன் பெயர் ஜான் பேங்க்ஸ் என்று பொய் சொன்னார். பிறகு குதிரையிடம் “என் பெயர் என்ன?” என்று கேட்டார். குதிரை நிதானமாக பேங்க்ஸ் என்றே தள்ளியது. அம்மாவுக்குத் தெரிந்ததுதான் குதிரைக்குத் தெரியும்.

எங்கள் திருவிளையாடல் கதையிலும் இதற்கு ஒரு பரீட்சை உண்டு. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தில் மாணிக்கவாசகர் கோயில் கட்டிவிட்டார். சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு வந்தார். ராத்திரி அவை மறுபடி நரியாகிப் பழைய குதிரைகளைக் கடித்துவைத்தன. அன்று சாயங்காலமே பாண்டியன் ஒரு படம் அனுப்பியிருந்தால் என்ன வந்திருக்கும்? ‘எல்லைகள்’ கட்டாயம் வந்திருக்கும். ‘ஊளையிட வேண்டும் போலிருக்கிறது’ என்று ஒரு வரி வந்திருக்குமா? வந்திருந்தால் இன்றைக்கே ஆறாயிரம் கட்டுகிறேன்.

பாண்டிய நாட்டுக்கு மெய்யாகவே இப்படி ஒருத்தர் தேவைப்பட்டது பின்னால்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் வருஷத்துக்குள் பெரும்பாலும் செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். வேகவைத்த இறைச்சியும் சோறும் போட்டார்களாம். அந்தக் குதிரைகளிடம் யாராவது கேட்டிருக்கலாம். தட்டைப் பார்த்தாலே போதுமே, அதற்குப் பெங்களூர் எதற்கு என்பது வேறு விஷயம்.

நான் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று மகள் சொல்வாள். சரி. கோயம்புத்தூரில் மகளோடு குதிரையேற்றம் பழகிய ஒரு பெண்மணி. நிதானமானவர், ஆடிட்டர், வாயில் பொய் வராது. அவருடைய குதிரை ஒரு வாரமாக ஏறவிடாமல் முரண்டு பிடித்தது. நொண்டவில்லை, வீக்கம் இல்லை. படம் அனுப்பினார். ‘வலது முன்னங்காலில் சூடு’ என்று பதில் வந்தது. லாடம் கட்டுகிறவரைக் கூப்பிட்டுக் குளம்பை அழுத்திப் பார்க்கச் சொன்னால், உள்ளே சீழ். கீறி எடுத்ததும் இரண்டு நாளில் குதிரை சரியாகிவிட்டது. நாலு கால்தானே, நாலில் ஒன்று யாருக்கும் வாய்க்கும் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நாலில் ஒண்ணுதான் சார். ஆனா நான் அதுவரைக்கும் முதுகைத்தானே பாத்துட்டிருந்தேன்” என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. இதை எழுதுவதற்கே எரிச்சலாக இருக்கிறது.

அந்த எரிச்சலைத் தணிக்க இன்னொன்று. அதே இடத்தில் குதிரை விட்டிருந்த ஒரு டாக்டர், தன் காயடித்த குதிரைக்குப் பதிலாகப் பக்கத்து லாயத்துப் பெண் குதிரையின் படத்தை அனுப்பினார். பெயரும் வயசும் மட்டும் தன் குதிரையுடையது. தன் ஆண்மையைப் பற்றி அவனுக்கு மிகுந்த பெருமிதம் என்று பதில் வந்தது. படத்தில் இருந்ததற்கும் அது கிடையாது, வீட்டில் இருந்ததற்கும் கிடையாது. டாக்டர் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

குதிரையிடம் கேட்பதையே நார்வேயில் வேறு மாதிரி செய்தார்கள். 23 குதிரைகளுக்கு மூன்று பலகை காட்டிப் பழக்கினார்கள்: போர்வை போடு, போர்வையை எடு, இருக்கிறபடி இருக்கட்டும். இரண்டே வாரத்தில் கற்றுக்கொண்டன. மழையும் குளிருமாக இருந்தால் போர்வைப் பலகையை மூக்கால் தொடும், வெயில் வந்தால் எடு என்கிற பலகையை. 2016இல் ஆய்வாக வெளியிட்டார்கள். மனசோடு மனசு இல்லை, மூக்கோடு பலகை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் நானும் மூன்று பலகை செய்தேன். பொள்ளாச்சியில் போர்வைக்கு என்ன வேலை என்று கொள்ளு, புல், சும்மா இரு என்று மாற்றிக்கொண்டேன். ஒட்டுப்பலகையில் கொள்ளுப் படம் வரைந்து காட்டினேன். குதிரை மூன்று பலகையையும் வரிசையாக முகர்ந்தது. பிறகு ‘சும்மா இரு’ பலகையின் ஓரத்தைக் கடித்துத் தின்றது. இதை எந்தப் பதிலாக எடுத்துக்கொள்வது என்று நார்வேக்காரர்கள் சொல்லவில்லை.

இதையெல்லாம் குதிரைக்காரர் லாயத்துத் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குதிரைக்கு எங்கள் வீட்டில் மூன்று பெயர். விற்றவர் வைத்தது சுல்தான். மகள் வைத்தது மூன்லைட். என் மனைவி கூப்பிடுவது வெள்ளையப்பா. அவர் கூப்பிடுவது ‘டேய்’. குதிரை திரும்புவது அந்த ஒன்றுக்குத்தான். (பெயர் ஒட்டவில்லை என்பது அந்த அம்மையாருக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? விண்ணப்பத்தில் மகளே அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறாள்.) போன மார்கழியில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு வந்து கதவைத் தட்டினார். “ஏனுங்கய்யா, அவன் திரும்பித் திரும்பி விலாவப் பாக்கறானுங். சரியில்லீங்” என்றார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி வந்தால் உயிருக்கே வந்துவிடும். டாக்டர் வரும்வரை அதைப் படுக்கவிடாமல் தோப்புக்குள் நடத்திக்கொண்டே இருந்தார். விடியற்காலை சாணி போட்டதும் எனக்குப் போன் பண்ணி, “போட்டுட்டானுங்” என்றார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அவருக்கு மாசச் சம்பளம்தான். ஒளிவட்டம் கிடையாது.

ஆனால் அவரிடமும் ஒரு போன் இருக்கிறது, அதில் என் மகளின் நம்பரும் இருக்கிறது என்பதை நான் ஞாயிற்றுக்கிழமைதான் யோசித்தேன்.

என் மனைவி பேத்தியைக் கவனித்துக்கொள்ள மெல்போர்ன் போய் ஏழு மாசம் ஆகிறது. மூன்று மாசம் என்று சொல்லிவிட்டுப் போனவள். நான் இங்கே சௌக்கியமாக இருக்கிறேன். சமையலுக்கு ஆள் இருக்கிறது. தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். “சாப்பிட்டாச்சா?” “ஆச்சு.” “மாத்திரை?” “ஆச்சு.” பிறகு பேத்தி அழுவாள், போன் கூரையைக் காட்டும். ஆக மூன்று நிமிஷம். குதிரைக்கு நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்குக்காகச் சொன்னேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் லாயத்துக்குப் போவது உண்டு. வெல்லம் கொடுக்க. கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே நான், குதிரை, நாலடி தள்ளி புல் நறுக்கிக்கொண்டு குதிரைக்காரர். ஃபுங்ஸ்ட் சொன்னது நினைவுக்கு வந்தது. சுற்றி நிற்கிற யாருக்கோ தெரிந்ததைத்தான் குதிரை சொல்லும்.

ஞாயிறு சாயங்காலமே அவரைக் கேட்டேன். “பாப்பாகிட்ட நீ எதாச்சும் சொன்னியா?”

நறுக்குவதை நிறுத்தவில்லை. “நான் என்னத்தைங் சொல்றது? வாளி நம்பர் கேட்டாங்க, எத்தனை லிட்டருன்னு. சொன்னேனுங்.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லீங்.” கொஞ்ச நேரம் கழித்து, “அவன் சொல்லியிருப்பானுங்” என்று தாடையால் குதிரையைக் காட்டினார்.

ராத்திரி மகள் கூப்பிட்டாள். “மூணாவது பாயின்ட் படிச்சீங்களாப்பா?”

“கண்ணாடி எங்கேயோ வெச்சுட்டேன் கண்ணு. வாளி வரைக்கும்தான் படிச்சேன்.”

திங்கட்கிழமை பொள்ளாச்சியில் பச்சை வாளி வாங்கினேன். முந்நூற்று இருபது ரூபாய். குதிரை ஒரு வாய் குடித்துவிட்டு, உதைத்துக் கவிழ்த்தது. நீல வாளியையே திரும்ப வைத்திருக்கிறோம். சாயங்காலம் இப்போதும் போகிறேன். வாயைத் திறப்பதில்லை. வெல்லத்தைக் கையில் வைத்து நீட்டுகிறேன். அது தின்றுவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. நேற்று அரை மணி நேரம் அப்படியே நின்றோம். கிளம்பலாம் என்று திரும்பினால், புல் நறுக்குகிறவர் தலை நிமிராமல் கேட்கிறார்: “ஏனுங்கய்யா, டிக்கெட்டு மறுபடி தள்ளிப் போட்டுட்டாங்களாட்டங்?”